அம்மா மறைத்த நான்கு மாதங்கள்

நம் எட்டாம் வகுப்புத் தோழிகளின் கைபேசிக் குழுவில் காலையிலிருந்து ரோஜாப்பூவாக வந்து விழுகிறது. அன்னையர் தினமாம். தாமரைக்குள் அம்மா, குத்துவிளக்குக்குள் அம்மா, மெழுகுவர்த்தி மாதிரி உருகி வழிகிற அம்மா. ஒருத்தி அனுப்பியதையே இன்னொருத்தி திரும்ப அனுப்புகிறாள். "எல்லாரும் போட்டாச்சு, நீ மட்டும் ஒண்ணும் போடலியே, உங்க அம்மா மேல பாசம் இல்லியா?" என்று ஒருத்தி கேட்டும் விட்டாள். கேட்டவளுக்கு அறுபத்து நாலு வயது. பல் பாதி கட்டியது. இன்னும் வாய் மட்டும் எட்டாம் வகுப்பில்தான் இருக்கிறது.

போடுகிறேன். படம் இல்லை, எழுத்து. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ரோஜாப்பூவுக்கே போய்விடலாம்.

என் அம்மா தெய்வம் இல்லை. உருகவும் இல்லை. அவள் பொய் சொன்னவள். ஒருநாள் இரண்டுநாள் பொய் இல்லை, ஆடி மாதம் தொடங்கி கார்த்திகை தீபம் வரை நான்கு மாதம், கூசாமல், காதும் காதும் வைத்தாற்போல் சொன்ன பொய். அதைத்தான் நான் இன்று கொண்டாடப் போகிறேன். யாருக்காவது மனம் புண்பட்டால் படட்டும்.

எங்கள் வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரிய கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னால், முன்பக்கம் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை, பின்பக்கம் நாங்கள். வீடு முழுக்க ரப்பர் நாற்றம். பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை சோற்றில்கூட அடிக்கும். மாடியில் ஏறினால் மலை மூஞ்சிக்கு நேராக நிற்கும்.

அந்த வருடம் பள்ளி திறந்ததும் நம் கணக்கு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே பேசுவாரே, அவர்தான். உதவித்தொகைப் பரீட்சை ஒன்று இருக்கிறது, கார்த்திகை மாதம் வரும், தேறினால் வேலூர் விடுதியில் சேர்த்து அரசாங்கமே கடைசி வகுப்புவரை படிக்க வைக்கும் என்றார். "உங்க பொண்ணு எழுதினா கண்டிப்பா வாங்கிடுவா" என்றார்.

அப்பா கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடி சொன்னார்: "படிக்கட்டும் டீச்சர், நான் வேணாங்கல. வயசுக்கு வர்ற வரைக்கும் படிக்கட்டும். அதுக்கப்புறம் அவ எங்க அக்கா வூட்டுப் பொண்ணு."

அவர் சொன்ன அக்கா, கீழ்பென்னாத்தூரில் இருந்த என் அத்தை. அவர் மகனுக்கு நான் என்று நான் பிறந்தபோதே பேசி வைத்துவிட்டார்கள். அவனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, எனக்குப் பன்னிரண்டு. கடலை மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. கெட்டவன் இல்லை. வரும்போதெல்லாம் வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் கொண்டுவந்து, என்னிடம் நேராகக் கொடுக்க வெட்கப்பட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவான். அவனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசையும் இல்லை, அவ்வளவுதான்.

அப்பா வைத்த கெடு இரண்டே மாதத்தில் முடிந்தது. ஆடிக் கடைசியில் ஒரு காலை, கிணற்றடியில் பாவாடையைப் பார்த்துவிட்டு நான் அலறினேன். அம்மா ஓடிவந்தாள். வந்தவள் என்னைப் பார்த்தாள், பின்கதவைப் பார்த்தாள், போய் அதைத் தாழ்போட்டுவிட்டு வந்தாள். குலவையும் இல்லை, முத்தமும் இல்லை.

"யார் கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றாள்.

"அப்பா கிட்ட?"

"அப்பா கிட்டதான் முக்கியமா."

என்னைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நீங்களே சொல்லுங்கள், அதற்கு முந்தின மாதம்தான் நம்மில் ஒருத்திக்கு ஒலிபெருக்கி கட்டி மஞ்சள் நீர் நடந்தது. ஆரஞ்சு நிறப் பட்டுப்பாவாடை, இடுப்பில் ஒட்டியாணம், தலைகொள்ளாத தாழம்பூ. நாம் எல்லோரும் வரிசையில் நின்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டோம். எனக்கு ஒரே பொறாமை. எனக்கும் ஆகிவிட்டது, ஆனால் எனக்கு ஒரு முழம் பூகூட இல்லை. அம்மாவுக்கு என்மேல் அத்தனை வெறுப்பு என்று பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த ஆரஞ்சுப் பட்டுப்பாவாடைக்காரி அதற்குப்பின் பள்ளிக்கு வரவில்லை. அவள் இந்தக் குழுவிலும் இல்லை. யாரிடமும் அவள் நம்பர் இல்லை. ரோஜாப்பூ அனுப்பும்போது அவளையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறைப்பது லேசான வேலை இல்லை. அம்மா தன்னுடைய கிளிப்பச்சை நூல்புடவையைக் கிழித்துத் துணி மடித்துக் கொடுத்தாள். அலசிய துணியை வெயிலில் போட முடியாது. கடையின் பின்னறையில் சைக்கிள் டியூப்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும், அவற்றுக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி அதில் உலர்த்துவாள். நான்கு மாதமும் என் உடம்பில் ரப்பர் வாடை. காலையில் பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெய் விட்டு என் வாயில் ஊற்றுவாள். அப்பா கேட்டால், "இருமலுக்கு" என்பாள். உளுந்தங்களியை வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கே கிண்டினாள். அப்பா அதை ரசித்துச் சாப்பிட்டார், பாவம்.

தாவணி போட்டால் தெரிந்துவிடும். அதனால் சட்டைத் தையலைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கினாள். பக்கத்து வீட்டில், "இன்னும் ஆவலியா உன் பொண்ணு?" என்று கேட்டால், "எங்க ஆவறது, சோறு கம்மியா துண்றா" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாள். அந்த நடிப்பைப் பார்த்து எனக்கே சந்தேகம் வரும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று ஊரே பேர் வைத்திருந்த பெண்மணி அவள்.

அம்மாவையும் மீறி ஒருத்திக்குத் தெரிந்துபோயிற்று. எங்கள் தெருவுக்கெல்லாம் துணி வெளுத்த அக்கா. நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பெண் வயதுக்கு வந்தால் முதல் சேதி துணி வெளுக்கிறவர் வீட்டுக்குத்தான் போகும். பெண் கட்டியிருந்த துணி அவர்களுக்கு, கூடவே புதுப்புடவை, அரிசி, வெற்றிலைபாக்கு. அது அவர்கள் உரிமை. புரட்டாசியில் ஒருநாள் என் பாவாடை ஒன்று தவறி அழுக்கு மூட்டையில் போய்விட்டது. அடுத்த வாரம் அந்த அக்கா மூட்டையை இறக்கி வைத்தார். எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்தபின், ஒரு துண்டுக்குள் சுருட்டிய பாவாடையைத் தனியாக எடுத்து அம்மா மடியில் வைத்தார்.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. "யக்கா..." என்றாள்.

"நான் ஒண்ணும் பாக்கலம்மா" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "பரீட்ச எப்போ?" என்றார். டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனது தெருவுக்கே தெரியும்.

"கார்த்தியில."

"அதுவரைக்கும் இந்தப் பொண்ணு துணிய எனக்குத் தனியா முடிஞ்சு குடு. என் பொண்ணு அள்ளுற மூட்டையில போட்டுடாத. அது வாய் ஓட்ட."

நீலமும் சவுக்காரமும் பட்டு வெடித்துப்போன அந்த விரல்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. ஒரு புதுப்புடவையை விட்டுக்கொடுத்தார் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவருக்கு வருடத்துக்கு எத்தனை புதுப்புடவை கிடைத்திருக்கும் என்று அப்போது நான் யோசித்ததில்லை.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு நான்கு நாள் முன்பே அத்தை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து தலையில் ஒரு பூசணிக்காயோடு இறங்கினார். அவரும் பதிமூன்று வயதில் ஆளாகி அதே மாதம் கட்டிக்கொடுக்கப்பட்டவர். பெண்ணென்றால் அப்படித்தான் கரைசேர வேண்டும் என்று அவர் மனதார நம்பினார். அதை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மன்னிக்க முடிகிறதா என்று கேட்காதீர்கள்.

தீபத்தன்று காலையிலேயே அப்பா நெய்ச் செம்போடு மலை ஏறிவிட்டார். வருடா வருடம் போவார், மேலே கொப்பரையில் நெய் ஊற்றிவிட்டு மறுநாள் இறங்குவார். மத்தியானம் நான் பின்னறைக்குப் போனபோது எனக்கு மறுபடி வந்துவிட்டது தெரிந்தது. நாள் கணக்குப்படி இன்னும் ஒரு வாரம் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் பொரி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். வெல்லப்பாகு கையில் சுட்டது, அதைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். "சரி, துணி வெச்சுக்கோ" என்றாள்.

சாயங்காலம் மாடியில் அகல்கள் வரிசையாக. ஊர் முழுக்க விளக்கில்லாமல் இருட்டு, மலையில் தெரிந்தபிறகுதான் வீட்டில் ஏற்ற வேண்டும். எல்லார் கண்ணும் உச்சியில். கோயிலுக்குள்ளே சுவாமி பாதி ஆணும் பாதிப் பெண்ணுமாக வெளியே வந்து ஒரு கணம் ஆடிவிட்டு உள்ளே போகிற நேரம். உச்சியில் தீ மேலெழுந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஊரே ஒரே தொண்டையாகக் கத்தியது.

அத்தை தீப்பெட்டியை என் கையில் திணித்தார். "மொத வெளக்கு கன்னிப்பொண்ணுதான் ஏத்தணும். ஏத்துடி, என் மருமவளே."

வீட்டுக்குத் தூரமானவள் விளக்கைத் தொடுவதாவது. அதுவும் இந்த ஊரில், அதுவும் தீபத்தன்று. கண் அவிந்துபோகும் என்று நாமெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தானே? நான் அம்மாவைப் பார்த்தேன். வயிற்றுவலி என்று அவள் ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அத்தை கண்டுபிடித்திருப்பார்.

"ஏத்து" என்றாள் அம்மா.

காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. அம்மா காற்றுக்கு மறைத்து என் கையைச் சுற்றித் தன் இரண்டு கையையும் வைத்தாள். மூன்றாவது குச்சியில் விளக்கு எரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான்கு பேர் அப்பாவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இறங்கும்போது வழுக்கி விழுந்து வலதுகால் முறிந்துவிட்டது. கட்டு போட்டு வீட்டில் கிடத்தினார்கள். வலியில் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் செய்தேன், நான் தொட்ட விளக்குதான் என்று எனக்குள் ஒரே ஓலம். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அத்தை அப்பாவுக்கு விசிறிக்கொண்டு, "எந்தக் கண்ணு பட்டுதோ என் தம்பி மேல" என்று புலம்பியபோது என்னால் முடியவில்லை. அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு ஆடி மாதத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா நான்கு மாதம் காப்பாற்றியதை நான் நான்கு நிமிடத்தில் உடைத்தேன். இதை இதற்கு முன் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அத்தை எழுந்து நின்று அடுக்களைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "அடிப்பாவி! தீட்டோட தீபம் ஏத்த வெச்சியா? எம் தம்பி காலை நீயே ஒடிச்சிட்டியேடி!"

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஆமா, நான்தான் ஏத்தச் சொன்னேன்" என்றாள். "வெளக்கு எரிஞ்சுதா இல்லியா அண்ணி? விடிய விடிய எரிஞ்சுது. தன் ஒடம்புல பாதிய பொம்பளைக்குக் குடுத்தவரு மேல இருக்காரு. அந்தப் பாதிக்கு எது எப்ப வரும்னு அவருக்குத் தெரியாதா? உங்களுக்குத்தான் தெரியுமா?"

அந்த வீட்டில் அம்மா அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டார். "பள்ளிக்கூடம் போதும்" என்றார். அதோடு சரி.

அத்தை சுறுசுறுப்பானவர். இன்றைக்குத்தான் ஆனாள் என்று ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார். பாருங்கள், அம்மா சொன்னது பொய், இது மட்டும் குடும்ப மானம். தாய்மாமன் வந்து கிணற்றடியில் பச்சை ஓலையில் குடிசை கட்டினார், ஒன்பது நாள் என்று என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். முறைப்படி துணி வெளுக்கும் அக்காவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்தார். அத்தை புதுப்புடவைத் தட்டை நீட்டி, "இன்னிக்குக் காலையில பொண்ணு பெரியவளாயிட்டா" என்றார்.

அக்கா தட்டைத் தொடவில்லை. "எனக்கு ஆடியிலியே தெரியும்மா" என்றார், அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி. "இன்னிக்குன்னு பொய் சொல்லி நான் எப்படி வாங்குறது?"

இனி இந்த வீட்டுத் துணி உனக்கு இல்லை என்று அத்தை கத்தினார். அக்கா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

நான் குடிசையில் உட்கார்ந்த மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை நாள். காலையில் அம்மா ஓலைக்குள் குனிந்து வந்தாள். கையில் என் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, அவளுடைய தாவணி ஒன்று, மைப்பேனா.

"எழுந்திரு. தல வாரிக்கோ."

வாசலில் அத்தை இரண்டு கையையும் நிலையில் ஊன்றி நின்றார். "ஒம்பது நாள் ஆவாம படி தாண்டினா எம் பையன் இவள கட்ட மாட்டான், சொல்லிட்டேன்."

"சரிங்க அண்ணி" என்றாள் அம்மா. "அப்போ வழி வுடுங்க."

அந்த மிரட்டலுக்கு இப்படி ஒரு பதில் உண்டு என்று அவர் நினைத்தே பார்த்திருக்க மாட்டார். "தம்பி, கேட்டியாடா?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அது சம்மதம்தான் என்று பின்னாளில் உறவுக்காரர்கள் அவருக்காக வாதாடினார்கள். இருக்கலாம். ஆனால் அம்மாவுடைய பெருமையில் பாதியை வெட்டி அவர் கையில் கொடுக்க நான் தயாராக இல்லை. அவர் முதுகைக் காட்டினார், அவள் நடந்தாள்.

தெருவில் எங்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். முனையில் துணி மூட்டையோடு நின்றிருந்த அந்த அக்கா எங்களோடு நடக்கத் தொடங்கினார். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அவர், நடுவில் முதல்முதலாகத் தாவணி போட்ட நான்.

அதற்கு அம்மா கொடுத்த விலையையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ரோஜாப்பூக் கூட்டத்தில் இவளையும் சேர்த்துவிடுவீர்கள். பதினேழு வருடம் அப்பா வழியில் ஒரு கல்யாணத்துக்கும் அவளுக்கு வெற்றிலைபாக்கு வைத்து அழைப்பு வரவில்லை. வளைகாப்புகளில் அவளை வளையல் போட விடவில்லை. அப்பாவின் கால் கொஞ்சம் கோணலாகவே சேர்ந்தது, அவர் நொண்டி நடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். அவள் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கு வேலூர் கிடைத்தது. பேசி வைத்த மாப்பிள்ளை கைநழுவிப் போனபின் என்னை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அப்பாவுக்கே விளங்கவில்லை, அனுப்பிவிட்டார். நான் முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். என் வகுப்பில் எந்தப் பெண்ணாவது திடீரென்று வராமல் போனால் மூன்றாம் நாள் அவள் வீட்டு வாசலில் நிற்பேன். பல வீடுகளில் திட்டு வாங்கியிருக்கிறேன். நன்றி என்று நான் சொல்வது அதைத்தான்.

அன்று பரீட்சை மூன்று மணி நேரம். முடிந்து வெளியே வந்தபோது தெருவோரப் புங்கமரத்தடியில் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மூட்டைமேல் சாய்ந்திருந்தார். அம்மா காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாலதானம்மா அப்பாவுக்குக் கால் ஒடிஞ்சுது?"

"ஏண்டி, அன்னிக்கு மலையில நெய் கொட்டிக் கெடந்துது, உங்கப்பா மட்டுமா வுழுந்தாரு? எட்டு பேரு வுழுந்தாங்களாம். எட்டு பேரு வூட்டுலயும் உன்ன மாதிரி ஒருத்தியா வெளக்கு ஏத்துனா?"

அழுதுகொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தலைப்பால் என் மூக்கை அழுத்தித் துடைத்தாள்.

"எத்தினி கணக்கு?"

"இருபது."

"எத்தினி போட்ட?"

"பதினெட்டு."

அம்மா எழுந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நான்கு மாதமாக அடக்கி வைத்திருந்த குரலில் கேட்டாள்: "மீதி ரெண்டு இன்னாடி ஆச்சு?"